பார்க்காத குட்டிக்குப் பணம் எதற்கு?

மதுரையில் செல்லப்பிராணிகளுக்கான சின்ன மருத்துவமனை ஒன்றை நடத்துகிறேன். எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு வகை உண்டு. "டாக்டரம்மா, ஷிட்சு குட்டி ஒண்ணு சொல்லியிருக்கோம். நாளைக்கு வந்துரும். முதல் ஊசி எப்பப் போடணும்?" எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் இன்ஸ்டாகிராம் என்பார்கள். குட்டியைப் பார்த்தீர்களா என்றால், "வீடியோ அனுப்பினாங்க" என்பார்கள். பணம்? "பாதி போட்டாச்சு." அதன்பிறகு அந்தக் குடும்பத்திலிருந்து பேச்சே இருக்காது. எப்போதாவது கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், "அது வரல டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு, வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

வெயிலுக்குப் பேச்சு மாறுகிறதே, அதுதான் எனக்குக் கவலை. வீட்டுப் பூட்டை உடைத்துத் திருடினால் தெருவே கூடி விசாரிக்கிறது. நாய்க்குட்டிக்குப் பணம் கட்டி ஏமாந்தவர் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் என்ன பதில் வரும் என்பது அவருக்குத் தெரியும்: "போயும் போயும் ஒரு நாய்க்கா?" இந்த மோசடிக்காரர்களுக்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. ஓர் உயிரைப் பார்சல்போல் கண்ணால் பார்க்காமலே வாங்கலாம் என்ற நம் புதுப் பழக்கமும், ஏமாந்தபின் வெளியே சொல்லக் கூசுகிற நம் பழைய பழக்கமும் போதும். இந்த இரண்டையும் விடாதவரை இந்த வியாபாரம் நிற்காது என்பது என் கருத்து.

எங்கள் பகுதியில் ஆட்டோ ஓட்டுபவர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தால் லேப்ரடார் குட்டி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மகள் எடுத்துவிட்டாள். பேஸ்புக்கில் பெங்களூரு முகவரியோடு ஒரு விளம்பரம்: குட்டி 4,500 ரூபாய், வீட்டுக்கே டெலிவரி. பேசியவர் மரியாதையாகத் தமிழில் பேசினார். முன்பணம் 1,500 ரூபாய், மீதி குட்டி கைக்கு வந்தபிறகு கொடுத்தால் போதும் என்றார். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அனுப்பினார். மறுநாள் காலை, வண்டியில் ஏற்ற ஏசி கூண்டு வேண்டும் என்று 2,800 ரூபாய். மதியம், போகும் வழியில் ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று காப்பீட்டுக்கு 5,000 ரூபாய். குட்டி வீடு சேர்ந்ததும் அந்தப் பணம் திரும்பி வந்துவிடுமாம். சாயங்காலம், கரூர் பக்கத்தில் வண்டியை மடக்கிவிட்டார்கள், காகிதம் சரியில்லை, 3,500 ரூபாய் கட்டாவிட்டால் குட்டி ராத்திரி முழுக்க வண்டியிலேயே கிடக்கும். நான்கு தவணையில் 12,800 ரூபாய் போய்விட்டது. ஐந்தாவதாக வந்தது ஒரு படம்: குட்டிக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, மருத்துவச் செலவுக்கு உடனே பணம் அனுப்புங்கள்.

அந்தப் படத்தைத்தான் என்னிடம் கொண்டுவந்து காட்டினார், குட்டி பிழைக்குமா என்று கேட்பதற்காக. படத்தில் இருந்தது லேப்ரடாரே இல்லை, கோல்டன் ரெட்ரீவர். டிரிப்ஸ் பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டில் சீன எழுத்து. அதை நான் சொன்னபிறகும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அந்தக் குட்டிக்கு ஒண்ணும் ஆகலல்ல?" என்பதுதான்.

பேராசைக்காரர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியை யோசிக்க வேண்டும். மலிவு விலை முதல் தவணைக்குத்தான் தூண்டில். இரண்டாவது தவணையிலிருந்து கறப்பதெல்லாம் இரக்கத்தில். வழியில் பட்டினி கிடக்கிறது, மூச்சு வாங்குகிறது, பணம் வராவிட்டால் வண்டிக்காரன் இறக்கிவிட்டுப் போய்விடுவான் என்று சொல்லச் சொல்ல, அன்புள்ள வீடுதான் மேலும் மேலும் கொடுக்கும். ஒவ்வொரு தவணையும், முன்பு போட்ட பணத்தைக் காப்பாற்றும் வழியாகவே காட்டப்படும்.

இது நம் ஊரில் பிறந்த தந்திரமும் இல்லை. அமெரிக்காவின் பெட்டர் பிசினஸ் பீரோ 2017-ல் நாய்க்குட்டி மோசடிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கை இதே படிகளைத்தான் விவரித்தது: முதலில் குட்டியின் விலை, பிறகு கூண்டு, பிறகு திரும்பக் கிடைக்கும் காப்பீடு, பிறகு நோய். அங்கே ஏமாற்றியவர்களில் பலர் கேமரூன் நாட்டிலிருந்து இயங்கினார்கள். கொரோனா ஊரடங்கில் வீட்டுக்கு வீடு நாய் தேடியபோது இது உலகமெங்கும் பெருகியது. நம்மிடம் சேர்ந்த புதுமை யுபிஐ மட்டும்தான். பணம் போய்ச் சேர ஒரு நொடி போதும்.

உண்மையில் ஒரு நாய் ஊர்விட்டு ஊர் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் பாதிப் பொய் தானாக உதிர்ந்துவிடும். ரயிலில் என்றால், அனுப்புகிறவர் நாயோடு பார்சல் அலுவலகத்துக்குப் போக வேண்டும். எடை பார்த்து, அங்கேயே கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். நாய் கார்டு வண்டியில் உள்ள பெட்டியில் போகும். முதல் வகுப்பு ஏசியில் தனி அறை எடுத்தவர் கூடவே கூட்டிப் போகலாம். எதுவானாலும், பயணம் செய்யும் நிலையில் நாய் இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்று வேண்டும். விலங்குகளை ஏற்றிச்செல்வதற்கான 1978-ம் ஆண்டு விதிகளே அதைக் கேட்கின்றன. கட்டணமெல்லாம் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும். பாதி வழியில் முளைக்கிற கட்டணம் எதுவும் இதில் கிடையாது. குட்டி வீடு சேர்ந்ததும் முழுத் தொகையையும் திருப்பித் தரும் காப்பீடு எந்த நிறுவனத்திலும் கிடையாது. வெளிநாட்டிலிருந்து குட்டி வருகிறது, விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்து வைத்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதுவும் கதைதான். விற்பனைக்காக வெளிநாட்டு நாய்களைக் கொண்டுவருவதை மத்திய அரசு 2016-லேயே கட்டுப்படுத்திவிட்டது. முறையாக வரும் வளர்ப்பு நாய்க்கு விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் அனுமதிக் கடிதம் முன்கூட்டியே கையில் இருக்கும். எந்த அதிகாரியும் தன் ஜிபே எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டார்.

இன்னொரு எளிய சோதனை விளம்பரத்திலேயே இருக்கிறது. "40 நாள் குட்டி, ரெடி ஃபார் டெலிவரி" என்று போடுகிறார்கள். நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை பற்றி மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த விதிகளின்படி, எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். வளர்த்து விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். குட்டிக்கு என்ன ஊசி எந்தத் தேதியில் போட்டது, பூச்சி மருந்து எப்போது கொடுத்தது, பார்த்த மருத்துவர் யார் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். கடை வைத்து விற்பவர்களுக்கு 2018-ல் தனி விதிகள் வந்தன. அவர்களுக்கும் பதிவு கட்டாயம். ஆகவே 40 நாள் குட்டி என்று விளம்பரம் போடுகிறவர், ஒன்று குட்டியே இல்லாத மோசடிக்காரர், அல்லது குட்டி இருந்தும் சட்டத்தை மீறுகிறவர். இரண்டு பேரிடமும் நமக்கு வேலை இல்லை.

எட்டு வாரம் என்ற கணக்கு சும்மா வந்ததும் இல்லை. தாயிடமும் கூடப் பிறந்த குட்டிகளிடமும் கடிக்காமல் விளையாடக் கற்றுக்கொள்ளும் வயது அது. முதல் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் போடுகிறோம். 40 நாளில் பிரித்து, ஆம்னி பஸ்ஸின் டிக்கியில் ஏற்றி அனுப்பிய குட்டிகளில் பல என்னிடம் பார்வோவோடு வருகின்றன. வாந்தி, ரத்தம் கலந்த பேதி, பிணவாடை. பார்வோ கிருமி உடம்பில் நுழைந்து நோய் தெரிய மூன்று நாளிலிருந்து ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். வந்த மறுநாளே படுத்துவிட்ட குட்டி, விற்ற இடத்திலேயே நோயை வாங்கிக்கொண்டு வந்ததுதான். "எங்ககிட்ட நல்லாத்தான் இருந்துச்சு, நீங்க பால் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று விற்றவர் சொல்வார். குட்டி வந்துசேர்ந்தது என்பதற்காக இதை மோசடி இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. இதற்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் தன் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. ஆனால் ரசீது வேண்டும். ரசீது தராதவரிடம் குட்டி வாங்குகிறவர் அந்த உரிமையையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்.

கேசிஐ சான்று இருக்கிறது என்ற பேச்சிலும் பலர் மயங்குகிறார்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமை அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. அதில் பதிவான நாய்க்கு மைக்ரோசிப் இருக்கும். சிப்பில் 15 இலக்க எண் இருக்கும். சான்றிதழில் உள்ள எண்ணும், நாயின் தோள்பட்டைக்கு மேலே ஸ்கேனரை வைத்தால் தெரியும் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. வாட்ஸ்அப்பில் வரும் சான்றிதழ் படத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எங்கள் மருத்துவர்களின் முத்திரையையும் கையெழுத்தையும் அப்படித்தான் திருடுகிறார்கள். தடுப்பூசிப் புத்தகத்தில் ஒரு மருத்துவமனையின் பெயர் இருந்தால், அதில் அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு, நீங்களே தேடி எடுத்த எண்ணில் அழைத்துக் கேளுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

சரி, விலைக்கு வாங்குவதால்தானே வம்பு, தத்தெடுத்தால் தப்பிக்கலாமே என்று நினைப்பவர்களுக்கும் வலை விரித்திருக்கிறார்கள். "ராணுவத்தில் இருக்கிறேன், திடீர் இடமாற்றம், என் ராட்வீலரை நல்ல மனிதருக்கு இலவசமாகத் தருகிறேன், வண்டி வாடகை மட்டும் கொடுங்கள்." சீருடைப் படமும் அடையாள அட்டையும் கூடவே வரும். பழைய பைக், பழைய பிரிட்ஜ் விற்கும் தளங்களில் பல வருடமாக ஓடிய அதே நாடகம், இப்போது நாயோடு வருகிறது.

உண்மையான தத்து எப்படி இருக்கும்? தெருவில் அடிபட்ட, கைவிடப்பட்ட குட்டிகளை மீட்டு வீடு தேடிக் கொடுக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அளவே இல்லை. சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டாரா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? மாடி என்றால் பால்கனிக்குக் கம்பி போட்டிருக்கிறதா? ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? கருத்தடைக்கு ஒப்புக்கொள்கிறீர்களா? ஆதார் நகல் கொடுங்கள், வீட்டுக்கு ஒருநாள் வந்து பார்ப்போம். சென்னை புளூ கிராஸ் போன்ற பழைய அமைப்புகளிலும் நேரில் போய்ப் பார்த்து, படிவம் நிரப்பித்தான் கூட்டிவர வேண்டும். "ஒரு நாட்டு நாய்க்குட்டிக்குப் பொண்ணு கேட்டு வந்த மாதிரி விசாரிக்கிறாங்க" என்று ஒருவர் என்னிடமே அலுத்துக்கொண்டார். விசாரிக்கத்தான் வேண்டும். கொடுப்பவருக்கு அந்தக் குட்டி முக்கியம். உங்கள் வீட்டைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல், எந்தச் செயலியில் பணம் அனுப்புவீர்கள் என்று மட்டும் கேட்பவரிடம் குட்டியே கிடையாது. தொந்தரவு கொடுப்பவரை நம்புங்கள். வசதி செய்து தருகிறவரைச் சந்தேகியுங்கள்.

நாயைக் கொடுக்க நினைப்பவர்களையும் விடுவதில்லை. வீடு மாறுவதால் நாயைக் கொடுக்க வேண்டிய நிலையில் ஒருவர் விளம்பரம் போடுகிறார். உடனே ஒருவர் அழைத்து, பார்க்காமலே எடுத்துக்கொள்கிறேன், டோக்கன் பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் போடுங்கள் என்கிறார். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். இதை எத்தனை முறை எழுதினாலும் தகும்.

இவர்கள் எல்லோரிலும் எனக்கு அதிகக் கோபம் வருவது, தொலைந்த நாயின் வீட்டாரை ஏமாற்றுகிறவர்கள்மேல். தீபாவளிக்கு மறுநாள் எங்கள் மருத்துவமனை வாசல் கண்ணாடியில் "காணவில்லை" சீட்டுகள் ஒட்டப்படும். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிய நாய்கள். சீட்டில் நாயின் படம், கழுத்துப்பட்டையின் நிறம், போன் எண், சன்மானத் தொகை என எல்லாமே இருக்கும். ஏமாற்றுகிறவனுக்கு வேண்டியதும் இவைதான். "உங்க நாய் எங்ககிட்ட இருக்கு. லாரிக்காரர் ஏத்திட்டு வந்துட்டார், இப்ப ஓசூர்ல இருக்கு. கால்ல அடி. ஆஸ்பத்திரிக்கு 4,000 கட்டணும்." தூக்கமின்றித் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருப்பவர் அந்த நேரத்தில் எதையும் யோசிக்க மாட்டார்.

அதனால் சீட்டு எழுதும்போதே யோசியுங்கள். படம் போடுங்கள், ஆனால் ஓர் அடையாளத்தை மட்டும் மறைத்து வையுங்கள். வயிற்றில் ஒரு வெள்ளைப் புள்ளி, பின்னங்காலில் ஒரு தழும்பு, நகத்தில் ஒரு நிற வேறுபாடு, ஏதோ ஒன்று. அழைக்கிறவரிடம் அதைக் கேளுங்கள். சன்மானம் உண்டு என்று எழுதினால் போதும், தொகை வேண்டாம். உடனே வீடியோ அழைப்பு கேளுங்கள். சிகிச்சை நடக்கிறது என்றால் அந்த மருத்துவரிடம் பேசுங்கள். பணத்தை மருத்துவமனையின் கணக்கில் நேராகக் கட்டுவதாகச் சொல்லுங்கள். நீங்கள்தான் உரிமையாளரா என்று உறுதிசெய்ய ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்றால் அது உங்கள் வாட்ஸ்அப்பையோ வங்கிக் கணக்கையோ திருடும் வழி. மைக்ரோசிப்பை வைத்து இருப்பிடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று யாராவது சொன்னால் அதுவும் பொய். சிப்பில் ஜிபிஎஸ் கிடையாது. ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால் எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த எண் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால், கிடைத்த நாய் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க அதைவிட நல்ல சான்று இல்லை. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கியபோது பலர் முணுமுணுத்தார்கள். நான் வரவேற்றேன். மற்ற மாநகராட்சிகளும் செய்யலாம்.

அடிபட்ட நாயின் படத்தைப் போட்டு நன்கொடை கேட்பவர்களிலும் கலப்படம் உண்டு. நல்ல மீட்பர்கள் பலர் உண்மையாகவே கடன் வாங்கிச் செலவழிக்கிறார்கள் என்பதால் இதை எழுதவே தயக்கமாக இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு வர வேண்டிய பணத்தைத்தான் போலிகள் தின்கிறார்கள். நான் பார்க்கும் படங்களில், பெண் நாய் என்று எழுதியிருக்கும், எக்ஸ்ரேயில் ஆண் நாயின் எலும்பு தெளிவாகத் தெரியும். இடுப்பு எலும்பு முறிவு என்று எழுதியிருக்கும், படம் முன்னங்காலுடையதாக இருக்கும். மருத்துவர் இல்லாதவருக்கு இது தெரியாதுதான். ஆனால் எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர், பில் எங்கே என்று கேட்க யாராலும் முடியும். உண்மையான மீட்பர் பில்லை அனுப்புவார். மருத்துவமனைக்கே கட்டிவிடுகிறேன் என்றால் மகிழ்வார். போலி ஆள் உங்களை மனிதத்தன்மை இல்லாதவர் என்று திட்டுவார்.

பறவைப் பிரியர்களின் நிலை இன்னும் மோசம். பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் 2024-ம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பேசுகிற கிளி, 8,000 ரூபாய் என்ற விளம்பரத்துக்குப் பணம் கட்டி ஏமாந்தவர் காவல் நிலையத்துக்குப் போகத் தயங்குவார். போனால் முதல் கேள்வி தனக்கே வரும் என்ற பயம். ஏமாற்றுகிறவனுக்கு இதைவிடப் பாதுகாப்பான தொழில் ஏது? நட்சத்திர ஆமையைக் கேட்டு அலைகிறவர்கள் நிலையும் இதுதான்.

இனி, ஏமாந்தபிறகு என்ன என்ற கேள்வி. வங்கிகள் பணத்தைத் திருப்பித் தரும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017-ம் ஆண்டுச் சுற்றறிக்கை வாடிக்கையாளருக்குப் பாதுகாப்புத் தருவது உண்மைதான். ஆனால் அது உங்கள் அனுமதி இல்லாமல் போன பணத்துக்கு. நீங்களே பின் போட்டு அனுப்பிய பணத்துக்கு அது கைகொடுக்காது. அதனால் நேரம்தான் எல்லாம். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்லி அந்த வங்கிக்குத் தகவல் போகும். அதற்குள் பணம் அடுத்த கணக்குக்குத் தாவாமல் இருந்தால் மீட்க வாய்ப்பு உண்டு. சைபர் குற்றங்களுக்கான தேசிய இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவும் பொருந்தும். நாய்க்குட்டிக்கு என்று எந்தச் சட்டமும் விலக்குத் தரவில்லை.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? நான் புகார் கொடுக்கச் சொல்லி அனுப்பியவர்களில் ஒருவர், ஒரு காவல் நிலையத்தில் கேட்ட சிரிப்பைத்தான் திரும்பி வந்து சொன்னார். 6,000 ரூபாய், அதுவும் நாய்க்கு. அங்கே இருந்தவருக்கு அன்று கொலை வழக்கும் இருந்திருக்கலாம், கோயில் திருவிழா பந்தோபஸ்தும் இருந்திருக்கலாம். அவர் சுமை எனக்குப் புரிகிறது. ஆனால் 6,000 என்பது ஒருவருடைய கணக்கு. அதே வங்கிக் கணக்குக்கு எத்தனை ஊரிலிருந்து எத்தனை 6,000 போயிருக்கிறது என்பது புகார்கள் ஒன்றுசேர்ந்தால்தான் தெரியும். இந்தக் கும்பல்கள் ஒவ்வொருவரிடமும் சின்னத் தொகையாக எடுப்பதே, யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான். அந்தச் சிரிப்பும் அவர்கள் போட்டுவைத்த கணக்கில் சேர்ந்ததுதான்.

சமூக ஊடக நிறுவனங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. பேஸ்புக்கின் சொந்தச் சந்தைப் பகுதியில் விலங்குகளை விற்க அனுமதி இல்லை என்று அவர்களுடைய விதியே சொல்கிறது. விற்கிறவர்கள் அதைத் தாண்ட ஒரே சொற்றொடர் போதும்: "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்." விலை எழுதாவிட்டால் அது விற்பனை இல்லையாம். இந்தச் சொற்றொடரைக் கண்டுபிடிக்க பெரிய செயற்கை நுண்ணறிவு எதுவும் வேண்டாம், மனமிருந்தால் போதும். காசு வாங்கிக்கொண்டு முன்னிறுத்தும் விளம்பரங்களிலாவது, மாநில வாரியத்தின் பதிவு எண் இல்லாமல் நாய்க்குட்டிப் படம் வரக் கூடாது என்று அரசு கட்டளையிட வேண்டும். பதிவு செய்தவர்களின் பட்டியலை, மாவட்டவாரியாக, கைபேசியில் யாரும் தேடிப் பார்க்கும்படி தமிழில் வெளியிட வேண்டும். ராஜபாளையம், கோம்பை போன்ற நாட்டு இனங்களின் பெயரைச் சொல்லி எங்கெங்கோ இருப்பவர்கள் விளம்பரம் செய்கிறார்கள். அந்த ஊர்களில் தலைமுறையாக நாய் வளர்க்கும் குடும்பங்களின் நல்ல பெயரும் இதில் சேர்ந்து கெடுகிறது. அவர்களுக்கும் அந்தப் பட்டியல்தான் பாதுகாப்பு.

எங்கள் தொழிலுக்கும் ஒரு வேலை உண்டு. முதல் ஊசி எப்போது என்று கேட்டு வரும் அழைப்புக்குத் தேதியை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடக் கூடாது. குட்டியைப் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். சான்றிதழில் எங்கள் கவுன்சில் பதிவு எண்ணைத் தெளிவாக எழுத வேண்டும். வாங்கும் முன்பே எங்களிடம் வாருங்கள். உங்கள் வீட்டுக்கும் வேலை நேரத்துக்கும் எந்த நாய் பொருந்தும், அக்கம்பக்கத்தில் யாரிடம் குட்டி இருக்கிறது, எந்தத் தெருக்குட்டி வீடு தேடுகிறது என்பதெல்லாம் பெரும்பாலும் உங்கள் பகுதி மருத்துவருக்குத் தெரிந்திருக்கும்.

குட்டி வாங்கப் போகிறவர்கள் மூன்றே கேள்வி கேட்டால் போதும். எந்த ஊர், எந்தத் தெரு? எப்போது நேரில் வரட்டும்? தாய் நாயைக் காட்டுவீர்களா? இவற்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பேருந்துச் செலவு ஆயிரம் ரூபாய் ஆனாலும் போய்ப் பாருங்கள். போக முடியாத தூரம் என்றால் அந்தக் குட்டி உங்களுக்கானது இல்லை. போய்ப் பார்த்து, கையில் வாங்கியபிறகு பணம் கொடுங்கள், அதற்கு முன்னால் ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தொகை 500 ரூபாய் என்றாலும் 1930-ஐ அழையுங்கள். உங்கள் பணம் திரும்பாமல் போகலாம். அந்தக் கணக்கு எண் பதிவாகும், அடுத்தவர் பணமாவது தப்பும்.